ரெஸ்ட்லெஸ் என்றால் ‘ஓய்வில்லாத’ என்று எழுதலாமா? பொருளும் பயன்பாடும்: முழுமையான வழிகாட்டி

போன பங்குனி மாதம், என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை ஒருத்தி வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் திருகோணமலையில், உப்புவெளியில் ஒரு ஹொட்டேலின் வரவேற்பு மேசை வேலை. சித்திரையில் கடல் அடங்கி வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்க முன்னமே இங்கே ஆள் எடுத்துவிடுவார்கள். கோடு போட்ட தாளில் நீலப் பேனையால், ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் எழுதியிருந்தாள். மூன்றாவது வரியில் என் கண் நின்றது: “ஐ ஆம் எ ரெஸ்ட்லெஸ் வேர்க்கர்.”

“இதில என்ன சொல்ல வாறீங்கள் மகள்?”

“ஓய்வில்லாம வேலை செய்வன் எண்டு, ரீச்சர். போன் டிக்சனரியில ‘ஓய்வற்ற’ எண்டுதான் கிடந்தது.”

அகராதி சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. ஆனால் அந்த வரியை வாசிக்கும் முகாமையாளருக்கு அது எப்படிக் கேட்கும்? ‘நான் ஒரு வேலையில் தரித்து நிற்காத ஆள், நாலு நாளில் எனக்கு அலுத்துவிடும்’ என்று கேட்கும். உழைப்பைச் சொல்லப்போய் நிலையின்மையைச் சொல்லிவிட்டாள். இந்தப் பிழையை இந்தப் பிள்ளை மட்டும் விடுவதில்லை. சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரைகளிலும், பட்டதாரிகள் எழுதும் கடிதங்களிலும் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு சொல்லுக்காக இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தாளும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாக வாருங்கள்.

முதலாம் படி: சொல்லை உடைத்துப் பாருங்கள்

ரெஸ்ட், லெஸ் என்ற இரண்டும் சேர்ந்த சொல் இது. பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. பின்னால் ஒட்டியிருக்கும் ‘லெஸ்’ஸை ‘குறைவு’ என்று நினைக்க வேண்டாம். குறைவைச் சொல்லும் லெஸ் வேறு, இந்த ஒட்டு வேறு. இரண்டும் வெவ்வேறு வேரில் இருந்து வந்து காலப்போக்கில் ஒரே ஒலியாகிவிட்டன. ஒட்டாக வரும் லெஸ், ‘கட்டில்லாத, விடுபட்ட’ என்ற பொருள் கொண்ட பழைய சொல். லூஸ் என்ற சொல்லுக்குச் சொந்தக்காரன். ஜெர்மன் மொழியில் இதே ஒட்டு ‘லோஸ்’ என்று இன்றும் இருக்கிறது. ஹோம்லெஸ் என்றால் வீடு இல்லாதவர். நம்முடைய ‘அற்ற’, ‘இலி’ செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

சிக்கல் முன்பாதியில் இருக்கிறது. ரெஸ்ட் என்றதும் நமக்கு ‘கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோ’ என்பதுதான் ஞாபகம் வரும்: வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவேளை, களைப்பு ஆற்றுவது. ரெஸ்டுக்கு இன்னொரு பொருள் உண்டு, அசையாமல் அமைந்திருத்தல். பள்ளிக்கூட விஞ்ஞானக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ‘ஓய்விலிருந்து புறப்படும் வண்டியொன்று’ என்று தொடங்கும். அந்த வண்டி களைத்துப்போயா நின்றது? அசையாமல் நின்றது, அவ்வளவுதான். ரெஸ்ட்லெஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது இந்த ஓய்வு. அசையாமல், அமைந்து இருக்கும் அந்த நிலை ஒருவருக்குக் கைகூடவில்லை என்பதே பொருள்.

உச்சரிப்பை இங்கேயே முடித்துவிடுவோம். அழுத்தம் முழுவதும் ‘ரெஸ்ட்’டில். ‘லெஸ்’ஸை நாம் எழுதுவதுபோல் முழுசாகச் சொல்லாமல், ‘லஸ்’ என்பதுபோல் லேசாக விழுத்த வேண்டும்.

இரண்டாம் படி: கடற்கரையில் வைத்துச் சோதியுங்கள்

வகுப்பில் வரைவிலக்கணம் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். ஆகவே நான் திருக்கடலூர்க் கரைக்கு அவர்களைக் கூட்டிப்போவேன், மனத்தால்தான்.

முதற்காட்சி ஆடி மாதம். கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, அம்பாப் பாட்டுக்குக் கால் ஊன்றி, பின்னோக்கி அடி வைத்து இழுக்கிறார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து முன்னால் பிடிக்கிறான். வலையின் மடி கரைக்கு வருமட்டும் ஒருவருக்கும் மூச்சு விட நேரமில்லை. வந்த பிறகும் மீன் தெரிவது, பெட்டியில் போடுவது, வலையை உதறுவது. அவர்களுக்கு ஓய்வு இல்லை. ஆனால் அவர்களை ரெஸ்ட்லெஸ் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. அவர்களுடைய மனம் கயிற்றில் இருக்கிறது, கால் மணலில் ஊன்றி நிற்கிறது. அவர்கள் பிஸி, ஹார்ட்வேர்க்கிங், சாயந்தரம் ஆனால் டயர்ட்.

இரண்டாவது காட்சி மார்கழி. வாடைக்காற்று வீசுகிறது, கடல் குமுறுகிறது. வள்ளங்களை எல்லாம் மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். தொழில் இல்லை, முழு நாளும் ஓய்வு. ஒரு மனிதர் திண்ணையில் வலையோடு குந்துகிறார். நாலு கண்ணி பொத்துகிறார். வலையை மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு எழும்பிக் கடல் பக்கம் போகிறார், வானத்தைப் பார்க்கிறார், திரும்பி வருகிறார். ஏற்கெனவே இறுக்கிக் கட்டிய வள்ளக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறார். தேத்தண்ணி கேட்கிறார், வந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி கடற்கரைக்கு நடக்கிறார். உள்ளே இருந்து மனுசி சொல்லுவா: “ஏன் இப்பிடிக் குட்டி போட்ட பூனை மாதிரித் திரியிறீங்கள்? ஒரு இடத்தில இருங்கோவன்.”

இவர்தான் ரெஸ்ட்லெஸ்.

இந்த இரண்டு காட்சியையும் மனதில் வைத்துக்கொண்டால் சொல்லைப் பிழைவிட மாட்டீர்கள். எழுதுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இவருக்கு ஓய்வு கிடைக்கவில்லையா, அல்லது கிடைத்த ஓய்வில் இருக்க முடியவில்லையா? இரண்டாவதுதான் என்றால் துணிந்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மனிதர் ஏன் அப்படித் திரிந்தார்? கடனை நினைத்துக் கவலையா, சும்மா இருந்த அலுப்பா, கடல் எப்போது அடங்கும் என்ற ஆவலா? ரெஸ்ட்லெஸ் என்ற சொல் அதைச் சொல்லாது. வெளியில் தெரியும் நிலையை மட்டும் சொல்லும், காரணத்தைத் திறந்து விட்டுவிடும். அதனால் நல்ல ஆங்கிலம் எழுதுபவர்கள் பக்கத்திலேயே காரணத்தையும் வைத்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: வாக்கியத்தில் எங்கே வைப்பது

இது பெயருரிச்சொல். பெயருக்கு முன்னாலும் வரும், வினைக்குப் பின்னாலும் வரும். ‘எ ரெஸ்ட்லெஸ் சைல்ட்’ என்றும் எழுதலாம், ‘தி சைல்ட் இஸ் ரெஸ்ட்லெஸ்’ என்றும் எழுதலாம். இரண்டுக்கும் மெல்லிய வேறுபாடு உண்டு. முன்னால் வைத்தால் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் சுபாவமே அது என்று படும். பின்னால் வைத்தால் இப்போதைய நிலை என்று படும். பெற்றோருக்குக் குறிப்பு எழுதும் ஆசிரியர்கள் இதைப் பார்த்து எழுதினால் நல்லது. ‘ஹி வோஸ் ரெஸ்ட்லெஸ் டுடே’ என்பது இன்றைய செய்தி. ‘ஹி இஸ் எ ரெஸ்ட்லெஸ் சைல்ட்’ என்பது ஒரு தீர்ப்பு.

கூட வரும் வினைகளில் ஃபீல், கெட், பிகம், க்ரோ ஆகிய நாலும் முக்கியம். இவற்றில் ‘க்ரோ ரெஸ்ட்லெஸ்’ ஆங்கில எழுத்தில் மிக இயல்பாக வரும். மெல்ல மெல்லப் பொறுமை கரைவதை அந்த க்ரோ காட்டும். கொழும்பில் இருந்து வரும் இராத்திரி ரயில் வண்டி கல்லோயாச் சந்தியில் நிற்கிறது என்று வையுங்கள். அங்கேதான் மட்டக்களப்புப் பாதையும் நம்முடைய பாதையும் பிரிகின்றன. முதல் பத்து நிமிடம் எல்லோரும் நித்திரை. பிறகு ஒருவர் யன்னலால் எட்டிப் பார்க்கிறார். ஒருவர் எழும்பி வாசல்வரை போய் வருகிறார். பொதிகள் அசைகின்றன, குழந்தை சிணுங்குகிறது. ‘தி பஸெஞ்சர்ஸ் க்ரூ ரெஸ்ட்லெஸ்.’ இந்த நாலு சொல் போதும், முழுப் பெட்டியும் கண்முன் வந்துவிடும்.

காரணம் சேர்ப்பதற்கு ‘வித்’ உதவும். ‘ரெஸ்ட்லெஸ் வித் போர்டம்’ என்றால் அலுப்பால் இருப்புக்கொள்ளாத. ஆசையைச் சொல்ல ‘ஃபோர்’ போடுங்கள். ‘ரெஸ்ட்லெஸ் ஃபோர் சேஞ்ச்’ என்றால் மாற்றத்துக்கு ஏங்கித் தவிக்கிற. ஒரு இடத்திலோ வேலையிலோ மனம் ஒட்டவில்லை என்றால் ‘இன்’. ‘ஹி வோஸ் ரெஸ்ட்லெஸ் இன் ஹிஸ் ஜொப்.’

ஒப்பிடும்போது மோர், மோஸ்ட் என்பவையே வரும். இல்லாத ஒன்றில் என்ன கூடக்குறைய என்று கேட்கலாம். ஆனால் இந்தச் சொல் இப்போது முழுமையான இன்மையைச் சொல்லுவதில்லை, அளவுள்ள ஒரு உணர்வைச் சொல்லுகிறது. ஆகவே ‘எ பிட் ரெஸ்ட்லெஸ்’, ‘வெரி ரெஸ்ட்லெஸ்’ எல்லாம் சரியே. வினையுரிச்சொல் ரெஸ்ட்லெஸ்லி, பெயர்ச்சொல் ரெஸ்ட்லெஸ்னெஸ்.

நான்காம் படி: எந்தப் பெயரோடு சேரும்

ஒரு சொல்லின் குணம் அது யாரோடு கூட்டுச் சேருகிறது என்பதில் தெரியும். ரெஸ்ட்லெஸ் அதிகம் கூட்டுச் சேருவது இரவோடு. ‘ஐ ஹாட் எ ரெஸ்ட்லெஸ் நைட்.’ இரவு எங்கே இருப்புக்கொள்ளாமல் தவித்தது? தவித்தது ஆள்தான். ஆளின் நிலையை இரவின் மேல் ஏற்றிச் சொல்லுகிறார்கள். நாமும் ‘தூங்காத இரவுகள்’ என்று சொல்லுவோமே, அதே வழக்கு. ஆனால் ஸ்லீப்லெஸ் நைட்டும் ரெஸ்ட்லெஸ் நைட்டும் ஒன்றல்ல. முன்னதில் கண்ணே மூடவில்லை. பின்னதில் கொஞ்சம் மூடியது, முழிப்பு வந்தது, தலையணையைத் திருப்பிப் போட்டது, திரும்பக் கண் அயர்ந்தது. சோதனை முடிவு வரும் நாளுக்கு முதல் இரவு பெரும்பாலும் இப்படித்தான் கழியும்.

குழந்தை, பிறகு கூட்டம். ‘தி க்ரவுட் வோஸ் கெட்டிங் ரெஸ்ட்லெஸ்’ என்று செய்தியில் வந்தால் கலவரம் என்று பதறாதீர்கள். பொறுமை போகிறது, சலசலப்பு எழும்புகிறது, அவ்வளவே. மிருகங்களுக்கும் சொல்லுவார்கள். பிரட்றிக் கோட்டை வாசலில் மர நிழலில் படுத்திருக்கும் மான்கள் ஏதோ சத்தம் கேட்டுக் காதை நிமிர்த்தி, எழும்பி, நாலு அடி வைத்து, நின்று, திரும்பப் பார்க்குமே, அந்த அசைவுக்கு ரெஸ்ட்லெஸ் அளவாகப் பொருந்தும்.

கடலோடு சேர்வது கவிதை வழக்கு. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பார்த்தால், பாறையில் மோதி விலகி மறுபடி வரும் அந்தத் தண்ணீரை ‘தி ரெஸ்ட்லெஸ் சீ’ என்று ஒரு ஆங்கிலக் கவிஞர் எழுதுவார். அன்றாடப் பேச்சில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, படகு விடவேண்டாம் என்பதற்கு ‘தி சீ இஸ் ரஃப்’ என்பதே சரி. புறாமலைத் தீவுக்குப் படகு கேட்டு வரும் வெளிநாட்டுக்காரரிடம் ‘சீ இஸ் ரெஸ்ட்லெஸ்’ என்றால் அவர் இரசித்துத் தலையாட்டுவார், ஆபத்து விளங்காது.

இந்தச் சொல்லில் பழி மட்டும் இருப்பதாக நினைக்கவும் வேண்டாம். ‘ரெஸ்ட்லெஸ் மைன்ட்’, ‘ரெஸ்ட்லெஸ் எனர்ஜி’, ‘ரெஸ்ட்லெஸ் கியூரியோசிட்டி’ என்று வரும்போது பாராட்டு. கண்டதோடு திருப்திப்படாமல் அடுத்ததைத் தேடும் மனம் என்று பொருள். எனக்கு இந்தச் சொல்லில் மிகப் பிடித்த பக்கம் இதுதான். ‘ஏன் ரீச்சர், ஏன் ரீச்சர்’ என்று முடிவில்லாமல் கேட்கும் பிள்ளையைப் பற்றி நான் ‘ரெஸ்ட்லெஸ் கியூரியோசிட்டி’ என்றுதான் அறிக்கையில் எழுதுவேன்.

ஒரு தொடரைப் படித்தால் விளங்கிக்கொள்ளுங்கள், எழுதவேண்டாம்: ‘தி நேட்டிவ்ஸ் ஆர் ரெஸ்ட்லெஸ்.’ குடியேற்றகால மனப்பான்மையில் பிறந்தது. காத்திருக்கும் கூட்டம் சலசலத்தால் இன்றும் சிலர் பகிடியாகச் சொல்லுவதுண்டு. ஆங்கிலேயர் இந்த ஊரை 1795இல் பிடித்தார்கள், இந்தத் துறைமுகத்துக் கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையின் கைக்கு வந்தது. அந்தத் தொடர் ‘நேட்டிவ்ஸ்’ என்று சுட்டியது நம்மைப் போன்ற ஆட்களை. நம் பிள்ளைகள் அதைப் பகிடியாகச் சொல்லப் பழகக்கூடாது என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: அயல்வீட்டுச் சொற்களைப் பிரித்து அறியுங்கள்

முதலில் டயர்லெஸ். என்னிடம் வந்த பிள்ளை தேடியது இதைத்தான்: சோராமல் உழைக்கிற. ஆனால் விண்ணப்பத்தில் தன்னைத் தானே டயர்லெஸ் என்று எழுதினால் தற்புகழ்ச்சிபோல் இருக்கும். அது மற்றவர் நம்மைப் பற்றிச் சொல்லவேண்டிய சொல். அதனால் ஹார்ட்வேர்க்கிங் என்று எழுதச் சொன்னேன். அதன் கீழே, இரண்டு வருசமாகக் காலையில் அம்மாவின் இடியப்பக் கடைக்கு உதவிவிட்டுப் பள்ளிக்கூடம் போனதையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

அடுத்தது ரெஸ்டிவ். தோற்றத்தில் அண்ணன் தம்பிபோல் இருக்கும், பிறப்பு வேறு. ரெஸ்ட் என்ற ஒலியில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் உண்டு. ஒன்று நாம் பார்த்த ஓய்வு. மற்றது ‘மிச்சம், எஞ்சியது’ என்று பொருள்படும் பிரெஞ்சு வழிச் சொல், அதன் வேர் லத்தீனில் ‘பின்தங்கி நில்’ என்பது. ரெஸ்டிவ் இந்த இரண்டாவது குடும்பம். முதலில் அது, போ என்றால் போகாமல் அடம்பிடித்து நிற்கும் குதிரைக்கான சொல். அசையாத குதிரைக்குப் பிறந்த சொல், அடங்க மறுத்து முரண்டு பிடிப்பதைக் குறித்து, கடைசியில் அசைந்துகொண்டே இருப்பவனின் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்றைக்கும் ரெஸ்டிவ் என்றால் ஒரு கட்டுப்பாட்டை, அதிகாரத்தை எதிர்த்துப் பொறுமை இழப்பது. ரெஸ்ட்லெஸ்ஸுக்கு எதிர்க்க ஒருவரும் தேவையில்லை, தனியே இருந்தும் தவிக்கலாம்.

அன்ரெஸ்ட் என்பது பெயர்ச்சொல். நாட்டிலோ பல்கலைக்கழகத்திலோ தொழிலாளர் மத்தியிலோ எழும் அமைதியின்மைக்கு அது. ஒரு மனிதனின் உள்ளத் தவிப்புக்கு ரெஸ்ட்லெஸ்னெஸ். தமிழில் இரண்டையும் ‘அமைதியின்மை’ என்று எழுதிவிடுகிறோம், அதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது மாறிவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். கை கால் விரல் சும்மா இராமல் பேனையைத் தட்டிக்கொண்டிருப்பது ஃபிஜெட்டி. ஏதோ சரியில்லை என்று நெஞ்சு உறுத்துவது அன்ஈஸி. பதற்றம் முகத்திலும் குரலிலும் வெடிப்பது அஜிடேட்டட். இன்னது வரவேண்டும் என்று தெரிந்து, அது வரவில்லையே என்று பொறுமை இழப்பது இம்பேஷன்ட். வந்தவுடன் அது தீர்ந்துவிடும். ரெஸ்ட்லெஸ் ஆளுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆறாம் படி: தமிழில் எப்படிச் சொல்லுவது

ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் போடாதீர்கள். ஆளுக்கு ‘இருப்புக்கொள்ளாத’, ‘நிலைகொள்ளாத’. மனத்துக்கு ‘அலைபாயும்’. அலையை நாள் முழுக்கப் பார்க்கிற நமக்கு இதைவிட நல்ல சொல் வேண்டுமா? இரவுக்குப் ‘புரண்டு புரண்டு கழிந்த’. கூட்டத்துக்குப் ‘பொறுமையிழந்த’. குழந்தைக்குச் சிலர் ‘துறுதுறுப்பான’ என்று போடுகிறார்கள். அதில் செல்லம் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அந்தச் செல்லம் இல்லை. ‘ஒரு இடத்தில் இருக்காத’ என்றால் பொருந்தும்.

நம் பேச்சில் ‘அந்தரம்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. “மனம் ஒரே அந்தரமாக் கிடக்கு” என்பதற்கு ரெஸ்ட்லெஸ் மிக நெருங்கி வரும். ஆனால் “அந்தரப்படாதேங்கோ, பஸ் இப்பதான் வெளிக்கிட்டது” என்னும்போது அங்கே அவசரம் கலந்திருக்கிறது. அதை ‘டோன்ட் ரஷ்’ என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

மருத்துவத்தில் வரும் ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சின்ட்ரோம்’ பற்றியும் ஒரு வார்த்தை. மாலையிலும் இரவிலும் ஓய்ந்து படுத்திருக்கும்போது கால்களை அசைக்காமல் இருக்க முடியாத ஒரு உந்துதல், அசைத்தால் கொஞ்ச நேரம் சுகம். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் இதை எழுதிவைத்தார். 1945இல் சுவீடன் வைத்தியர் எக்போம் விரிவாக விளக்கி இந்தப் பெயரில் நிறுத்தினார். உடலில் இரும்புச்சத்துக் குறைவதும் ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்கும் வரலாம். வீட்டில் யாராவது “படுத்தா கால் உளையுது, அசைக்காமக் கிடக்க ஏலாது” என்று சொன்னால் வைத்தியரிடம் காட்டுங்கள். பெயரைக் கவனித்தீர்களா? கால் ஓடுகிற நேரத்தில் வருவதில்லை, ஓய்கிற நேரத்தில் வருகிறது. இரண்டாம் படியில் பார்த்த பொருளை இந்த நோயே உறுதிப்படுத்துகிறது.

ஏழாம் படி: நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ள நாலு நிலைமைக்கும் ரெஸ்ட்லெஸ் பொருந்துமா என்று முதலில் நீங்களே எழுதிவையுங்கள், பிறகு விடையைப் பாருங்கள்.

தம்பலகாமத்தில் அறுவடைக் காலம், விடியற்காலை தொடக்கம் பொழுது படுமட்டும் வயலில் நிற்கும் அப்பா. மகன் கனடாவில் இருந்து வரும் நாள், காலையில் இருந்து படலைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டிருக்கும் அம்மம்மா. சம்பளம் கூட்டச் சொல்லி வீதியில் இறங்கிய தொழிலாளர்களால் ஏற்பட்ட குழப்பம். நல்ல அரச உத்தியோகம், நல்ல சம்பளம், ஆனால் அஞ்சு வருசமாகப் பின்னேரங்களில் உள்துறைமுகக் கரையில் வந்து குந்தி, போகிற கப்பல்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன்.

அப்பா பிஸி, அவருக்கு இந்தச் சொல் வேண்டாம். அம்மம்மாவுக்கு ரெஸ்ட்லெஸ் பொருந்தும், காரணத்தையும் சேர்த்து ‘ரெஸ்ட்லெஸ் வித் எக்சைட்மென்ட்’ என்றால் அழகு. மகன் வாசலில் ஏறியதும் தீர்ந்துவிடும் என்பதால் இம்பேஷன்ட் என்று எழுதினாலும் நான் சரி போடுவேன். மூன்றாவது அன்ரெஸ்ட், லேபர் அன்ரெஸ்ட். நாலாவதை எழுதும்போது பிள்ளைகள் கொஞ்சம் யோசிப்பார்கள், ஏனென்றால் அந்த அண்ணன் அசையாமல் குந்தியிருக்கிறார். அசையாமல் இருப்பவரை ரெஸ்ட்லெஸ் என்று சொல்லலாமா ரீச்சர் என்று கேட்பார்கள். சொல்லலாம் மகள். உடம்பு கரையில் இருக்கிறது, மனம் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. ‘ஹி இஸ் ரெஸ்ட்லெஸ்.’